நெஞ்சளவு மண்

மூன்றாவது இடத்திலும் கடப்பாரை ணங்கென்று எகிறியது. கிமேயு அதைக் கீழே போட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டான்.

“இங்கயும் பாறைதான்க்கா. முழங்கால் ஆழம்கூட இல்ல.”

சியோம்புவா குனிந்து பார்த்தாள். அப்பாவை அடக்கம் செய்யக் காலையிலிருந்து வெட்டிய குழி. அடியில் சாம்பல் நிறப் பாறை, வெங்காயம் போலத் தோல் தோலாக உரிந்து கிடந்தது. குழி வெட்ட வந்த நால்வரும் மண்வெட்டிகளை ஊன்றியபடி அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

“வெயிலும் மழையுமா இந்தப் பாறை பொடிஞ்சு மண்ணாக இன்னும் ஆயிரம் வருசம் ஆகும். பெட்டி பன்னெண்டு மணிக்கு வருது” என்றான் கிமேயு. மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அவளுக்குக் கோபம் வரவில்லை. அப்பாவே இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

தம்பி மூமோ பிணவறையிலிருந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். அவள் வீட்டுக்குள் போனாள். ஊர்ப்பெண்கள் பெரிய பானையில் சோளமும் பயறும் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கலேக்யே பாயில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“எங்கயும் ஆழம் இல்லம்மா.”

“எனக்குத் தெரியும்.”

“தெரியும்னா நேத்தே சொல்லியிருக்கலாம்ல?”

அம்மா கையால் சரிவின் கீழ்ப்பக்கம் காட்டினாள். “போய்க் கேளு. நான் கேட்டா அவர் பொறுக்கமாட்டார். நீ கேட்டா ஒண்ணும் சொல்லமாட்டார்.”

செத்துப்போனவரைப் பற்றித்தான் அம்மா பேசுகிறாள் என்பது அவளுக்குச் சரிவில் இறங்கும்போதுதான் உறைத்தது.

கீழே இருந்தது சித்தப்பா முயிந்தேயின் நிலம். தாத்தா ஒரே மலைச்சரிவை இரண்டாகப் பிரித்து, மேல்பாதியை மூத்தவரான அப்பா கிதேகாவுக்கும் கீழ்ப்பாதியை இளையவருக்கும் கொடுத்தார். மண் அரித்துப்போகாமலிருக்க ஊரே சரிவில் படிவரப்பு வெட்டிய வருடங்களில் கிதேகா மொம்பாசா துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக அம்மா தனியாக இரண்டு வரப்பு வெட்டினாள். மூன்றாவதை வெட்டும் முன் பெருமழை வந்து அந்த இரண்டையும் கொண்டுபோனது. அதற்குப் பின் ஒவ்வொரு நவம்பரிலும் மேல்நிலம் சிவப்புத் தண்ணீராகக் கீழே ஓடியது. முயிந்தே தன் எல்லையில் கல்சுவர் கட்டியிருந்தார். தண்ணீர் அதன் இடுக்குகளில் வேகம் குறைந்து இறங்கி, அவருடைய வரப்புகளில் நின்று, மண்ணை இறக்கிவைத்துவிட்டுத் தெளிந்து போனது.

வேலை முடிந்து அப்பா திரும்பி வந்தபோது மேலே பாறை, கீழே ஆளுயரச் சோளம். மறுநாளே கழுதையையும் சாக்குகளையும் ஓட்டிக்கொண்டு கீழே போனார். ‘என் மண்ணை எடுத்துக்கிறேன்’ என்றார். இரண்டு வாரம், நூறு நடைக்கு மேல் சுமந்தார். முயிந்தே தடுக்கவில்லை. சுவரில் சாய்ந்து நின்று, “எடுத்துட்டுப் போண்ணே, மழை பத்திரமாத் திருப்பிக் கொண்டுவந்து குடுத்துடும்!” என்று கத்திவிட்டுச் சிரித்தார். மலை முழுக்கக் கேட்டது. அடுத்த இரண்டு மழையில் அத்தனை மண்ணும் கீழே இறங்கிவிட்டது. அதன்பின் பத்தொன்பது வருடம் அண்ணன் தம்பிக்குள் ஒரு வார்த்தை இல்லை.

முயிந்தே கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வாசலில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். விடியற்காலையிலிருந்தே அப்படி உட்கார்ந்திருப்பதாக அவருடைய மகன் கிலோன்சோ சொன்னான்.

“மேல வரலையா சித்தப்பா?”

“யாரும் கூப்பிடலையேம்மா.”

“சாவுக்கு யாராவது கூப்பிடுவாங்களா?”

அவள் வந்த விஷயத்தைச் சொன்னாள். மூன்று இடம் வெட்டியதையும் மூன்றிலும் பாறை இருந்ததையும் சொன்னாள். இடம் வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை. கிலோன்சோவுக்கு அது புரிந்துவிட்டது.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. எந்த நிலத்துல யாரோட கல்லறை இருக்கோ, அது அவங்களோடதுன்னு ஆயிடும். நாளைக்கு மூமோ வழக்குப் போட்டா நாங்க என்ன செய்வோம்?”

“போடமாட்டான்.”

“நீங்க சொல்றீங்க. உங்க பேரன் போடுவான்.”

அவன் சொன்னதில் தப்பில்லை. அவள் தரையைப் பார்த்தாள்.

முயிந்தே எழுந்தார். கோட்டைக் கழற்றி முக்காலியில் போட்டார். சுவரோரம் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நிலத்துக்குள் நடந்தார். மேல்மூலையில், கல்சுவரை ஒட்டி, துவரை காய்த்துக் கிடந்தது. இன்னும் ஒரு வாரத்தில் அறுவடை. அவர் இரு கைகளாலும் செடிகளைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஓரமாகப் போட ஆரம்பித்தார்.

“அப்பா, அது நல்ல இடம்ப்பா!”

“அதனாலதான்.”

கிமேயுவும் மற்றவர்களும் இறங்கி வந்தார்கள். மண்வெட்டி சத்தமில்லாமல் இறங்கியது. கல் இல்லை, வேர் இல்லை, மாவு மாதிரி செம்மண். முழங்கால் ஆழம், இடுப்பாழம். கிமேயு குழிக்குள் நின்று வெட்ட, மண் மேலே குவிந்துகொண்டே இருந்தது. அவனுடைய நெஞ்சுக்கு நேராகத் தரை வந்தபோது மண்வெட்டியில் வேறு நிறம் வந்தது. கறுப்பு. குழியின் சுவரில் கோடு போட்டதுபோல் இருந்தது: மேலே சிவப்பு, கீழே கறுப்பு.

“நிறுத்து” என்றார் முயிந்தே.

அவர் குழிக்குள் இறங்கினார். எழுபது வயதுக்காரரை இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள். அந்தக் கறுப்பு மண்ணைக் கையால் தொட்டார்.

“இதுதான் எங்கப்பா எனக்குக் குடுத்தது. சின்ன வயசுல இதுலதான் நான் சோளம் ஊனினேன்.” பிறகு மண்வெட்டிக் காம்பை நிறுத்தி, கறுப்பிலிருந்து மேல்விளிம்பு வரை அளந்தார். காம்பு போதவில்லை. “கிலோன்சோ, இங்க வா. பாரு. எந்த நிலத்துக்குடா வழக்குப் போடுவாங்க?”

கிலோன்சோ விளிம்பில் நின்று பார்த்தான்.

“இன்னும் ஒரு அடி வெட்டணும் பெரியவரே” என்றான் கிமேயு தயங்கி.

“வேணாம். இதுக்குக் கீழ போகாதே. அண்ணன் தன் மண்ணுக்குள்ளயே இருக்கட்டும்.”

மேலே வண்டிச் சத்தம் கேட்டது. கிலோன்சோ தந்தையை மேலே தூக்கிவிட்டான். பிறகு சொல்லாமலேயே சட்டையைக் கழற்றிவிட்டு, பெட்டி இறங்கி வருவதற்குத் தடையாக இருந்த கல்சுவரில் நான்கு வரிசைக் கற்களைப் பெயர்த்து வைத்தான்.

அடக்கம் சீக்கிரம் முடிந்தது. போதகர் வேதம் வாசித்தார், பெண்கள் பாடினார்கள். ஆளுக்கொரு கைப்பிடி மண் போட்டார்கள். சியோம்புவா தன் கையிலிருந்ததை உடனே போடவில்லை. சிறுமியாக இருந்தபோது இதே மண்ணில் மேலே ஓடி விளையாடியிருப்போம் என்று தோன்றியது. பிறகு போட்டாள்.

சாப்பிட எல்லோரும் மேலே வந்தார்கள். முயிந்தேயும் வந்தார், இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி. கலேக்யே அவருக்குத் தட்டில் சோளமும் பயறும் எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் வாசலில் இருந்த பெரிய தட்டைப்பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டார். உப்பு போதுமா என்று அவள் கேட்டாள். போதும் என்றார்.

கூட்டம் கலைந்தது. சியோம்புவா தட்டுகளை எடுக்க வந்தபோது முயிந்தே கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து அவருடைய நிலம் முழுவதும் தெரிந்தது: துவரை, சோளத்தட்டை, கல்சுவர், மூலையில் புது மேடு.

“இங்கிருந்து பாத்தா எல்லாமே தெரியுதே” என்றார்.

“ஆமா தம்பி” என்றாள் கலேக்யே. “அவர் தினமும் இந்தப் பாறையிலதான் உக்காருவார். கீழ உங்க பக்கம் பாத்து.”

முயிந்தே பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு, பாறையின் ஓரத்துக்குத் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.