செப்டம்பரா, நவம்பரா?

நூற்றெழுபது என்று திரையில் விழுந்ததும் மேரன் ஹௌக்லண்ட் நாற்காலியை விட்டு எழுந்து, சமையலறையை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி உட்கார்ந்து அதே எண்ணைப் பார்த்தாள். நூற்றெழுபதேதான். சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு நூற்றெண்பதுதான் உச்சம். ஒரு மாதமாக இந்தப் பெண் எழுதிய மாதிரித் தேர்வெல்லாம் நூற்றைம்பத்தாறு, நூற்றைம்பத்துமூன்று என்று இறங்குமுகமாகவே இருந்தது. இன்றைக்கு எந்தச் சாமி புண்ணியமோ!

அமெரிக்காவில் டுலூத் நகரத்தில், வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக அரசு வைத்திருக்கும் வழக்கறிஞர்கள் அலுவலகத்தில் மேரன் குமாஸ்தா. கோப்பைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனவளுக்கு, நாமே எழுந்து நின்று வாதாடினால் என்ன என்று ஆசை வந்துவிட்டது. விடிகாலையில் எழுந்து படிப்பு, பகலெல்லாம் ஆபீஸ், வீட்டுக்கு வந்தால் திரும்பவும் படிப்பு. முதலில் எல்லாம் குஷியாகத்தான் இருந்தது. கோடை வந்ததும் மனுஷி ஓய்ந்துபோனாள். பல் துலக்கிக்கொண்டே அழுவாள். ஏன் அழுகிறாய் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

தேர்வு செப்டம்பரில். நவம்பருக்கு மாற்றிக்கொள்வதானால் இன்றுதான் கடைசி நாள். நவம்பர் என்றால் விண்ணப்பம் பிந்தும். பிந்தினால் மினியாபோலிஸ் கல்லூரியின் உதவித்தொகையை முந்தி வந்தவர்கள் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். உதவித்தொகை இல்லாமல் மேரனாவது, சட்டம் படிப்பதாவது! அதனால் அவளும் அண்ணன் ஆண்டர்ஸும் பேசி வைத்திருந்தார்கள்: இன்றைய மாதிரித் தேர்வு நூற்றறுபத்தைந்தைத் தாண்டினால் செப்டம்பர், தாண்டாவிட்டால் நவம்பர்.

ஆண்டர்ஸ் நகராட்சியில் வேலை பார்க்கிறவன். குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டுவான், கோடையில் சாலைப் பள்ளங்களுக்குத் தார் ஊற்றுவான். தங்கைக்குப் பொரித்துக் கொடுக்கலாம் என்று மீனோடு வந்தவன், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? ஊத்திக்கிச்சா?"

"நூத்தியெழுவது."

"பொய் சொல்லாத."

"வந்து பாரேன்."

மாவு ஒட்டிய கையோடு வந்து பார்த்தான். "அடிப்பாவி! இந்த மூளைய வச்சுக்கிட்டா ஒரு மாசமா மூக்கைச் சிந்திக்கிட்டு இருந்த? செப்டம்பர்தான். முடிஞ்சுது பேச்சு."

எண்ணெய் காய்கிற வரை சும்மா இருக்க மாட்டாமல் அவள் எழுதி முடித்த தாளைத் திரையில் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். அப்படியென்னதான் கேட்கிறான்கள் என்று அவனுக்கு ஒரு குறுகுறுப்பு.

"அட, நம்ம திமிங்கிலம்!"

"எந்தத் திமிங்கிலம்?"

"காது அழுக்குத் திமிங்கிலம்தான். நீதானே ஏரியில சொன்ன."

"நான் எப்ப சொன்னேன்?"

"குளிர்காலத்துல ஏரி உறைஞ்சப்ப பனியில துளை போட்டு மீன் பிடிக்க உக்காந்திருந்தோமே, அன்னைக்கு. காலைல எழுதின தேர்வுல வந்துச்சுன்னு சொன்ன. திமிங்கிலத்தோட காதுல அழுக்கு மரத்து வளையம் மாதிரி அடுக்கடுக்கா படியுமாம், எந்த வருஷம் அது பயந்து ஆடிப்போச்சுன்னு அதை வெட்டிப் பாத்தே சொல்லிடலாமாம். நீ கைய ஆட்டி ஆட்டி மூச்சு விடாம பேசினதுல என் தூண்டில்ல மாட்டின மீனே ஓடிப்போச்சு. மறப்பேனா?"

மேரன் திரையை உற்றுப் பார்த்தாள். இப்போதுதான் அந்தப் பகுதிக்கு அத்தனை விடையும் சரியாகப் போட்டிருந்தாள். ஆனால் அதில் என்ன இருந்தது? யோசித்துப் பார்த்தாள். கடல் என்று ஒரு வார்த்தை வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

அலமாரியிலிருந்து பழைய புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். அதே பகுதி, அதே கேள்விகள். தேர்வு நடத்துகிறவர்கள் இந்தக் கோடையில் புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டு, பழைய தாள்களையே கலைத்துப் புது எண் போட்டு வெளியிட்டிருந்தார்கள். புது எண்ணைப் பார்த்துப் புதுத் தாள் என்று நம்பிவிட்டாள் அசடு.

"இது ஏற்கெனவே எழுதினது, ஆண்டர்ஸ்."

"இருந்தா என்ன? உனக்குத்தான் ஞாபகமே இல்லையே. நூத்தியெழுவது நூத்தியெழுவதுதான்."

"விடை ஞாபகம் இருந்திருக்கு. எனக்குத்தான் தெரியல."

"நான் வெளிய மூச்சு விட மாட்டேன். ஜட்ஜ் வந்து கேட்டாலும்."

அப்படியே விட்டுவிடலாமா என்று அவளுக்கும் சபலம் தட்டியது. யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அவளைப் பயமுறுத்தியது மதிப்பெண் இல்லை. அவ்வளவு ஆசையாகப் படித்த ஒன்று, இரண்டாம் முறை கண் வழியே போயும் உள்ளே ஒரு சுவடுகூட விடவில்லை. எனக்கு என்னதான் ஆயிற்று என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

ஆண்டர்ஸ் மீனை எண்ணெயில் போட்டான். "எனக்கு அன்னைக்கே ஒரு சந்தேகம். உலகப் போர் சமயத்துல திமிங்கிலத்துக்குப் பதட்டம் ஜாஸ்தின்னு சொன்னல்ல, போராலதான்னு எப்படிச் சொல்றான்? இரை கிடைக்காமகூட இருந்திருக்கலாமே?"

மேரன் திரைப் பக்கம் திரும்பினாள். அட, ஆமாம், எப்படிச் சொல்கிறான்?

இந்த முறை நேரக் கெடு வைக்காமல் அந்தப் பகுதியை முதலிலிருந்து படித்தாள். விடைக்காக இல்லை, தெரிந்துகொள்வதற்காக.

"ஆண்டர்ஸ், போர் நடந்தப்ப திமிங்கில வேட்டையே குறைஞ்சு போச்சாம்! அப்ப நிம்மதியாதானே இருந்திருக்கணும்? ஆனா பதட்டம் ஏறியிருக்கு. கப்பலு, குண்டு, சத்தம்."

"இரை?"

"இரையப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. வாதத்துல ஓட்டைதான்! இங்க பாரு, கடைசிக் கேள்வியே அதுதான்!"

"கைய ஆட்டாத, எண்ணெய் கொதிக்குது."

மேரன் தன் கையைப் பார்த்தாள். அது அந்தரத்தில் நின்றது. மெல்ல இறக்கிக்கொண்டு, தேர்வுத் தேதி மாற்றும் பக்கத்தைத் திறந்தாள்.

"உதவித்தொகை போயிடுச்சுன்னா?" என்றான் ஆண்டர்ஸ்.

"போகலாம். போனா அழுவேன்."

"அப்புறம் ஏன்?"

"ஏரியில உக்காந்து உன் மீனை ஓட்டினாளே, அவதான் வக்கீலாகணும்னு ஆசைப்பட்டவ. அவ திரும்பி வர இன்னும் கொஞ்ச நாள் வேணும். செப்டம்பர்ல எழுதப் போறவ வேற யாரோ. அவ எழுதி எடம் கிடைச்சாலும், அங்க போய்ப் படிக்க ஆள் இருக்காதுடா."

ஆண்டர்ஸ் மீனைத் திருப்பிப் போட்டான். அடுப்பைத் தணித்தான்.

நவம்பரை அழுத்தினாள். நிச்சயமாகவா என்று திரை கேட்டது. இன்னொரு தடவை அழுத்தினாள். அழுத்திய கையோடு அழுகையும் வந்துவிட்டது, இந்த முறை எதற்கென்று அவளுக்குத் தெரியும்.

ஆண்டர்ஸ் முதல் துண்டை அவள் தட்டில் வைத்தான். மாதக்கணக்காக எதைக் கொடுத்தாலும் என்ன ஏது என்று பாராமல் விழுங்கிக்கொண்டிருந்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வாய் வைத்தாள்.

"உப்பே இல்லடா," என்றாள்.