வெள்ளானூர்க் குழியில் டப்பாக் கறி

யுத்தம் முடிகிற மாதிரியே தெரியவில்லை. ஆவடி ராணுவக் கிடங்கின் பரிசோதனைச் சாலைக்குக் கறி டப்பாக்கள் வந்துகொண்டே இருந்தன. பர்மா எல்லைக்கு அவற்றை ரயிலேற்றும் முன் சோதித்துச் சொல்வது ஞானசௌந்தரியின் வேலை. ரசாயனம் படித்தவர்களில் பாதிப் பேர் பட்டாளத்துக்குப் போய்விட்டதால்தான் ஒரு பெண்ணுக்கு அந்த நாற்காலி கிடைத்தது.

டப்பாவைத் திறந்தால் உள்ளே அரைத்த ஆட்டுக்கறி, விரல் விரலாக. கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறியதும் அயோடின் விடுவாள். நீலம் பாய்ந்தால் கறியில் மாவு கலந்திருக்கிறது. இன்னொரு துண்டைக் குடுவையில் போட்டு, அமிலம் ஊற்றிச் சூடாக்கி, குடுவையின் வாய்க்கு மேலே ஈய உப்புக் கரைசலில் நனைத்த காகிதத்தைப் பிடிப்பாள். காகிதம் கன்னங்கரேலென்று ஆனால் கறி அழுகிவிட்டது. சாயங்காலம் பூந்தமல்லிக்கு வீடு திரும்பும்போது புடவை முழுக்க அந்த வீச்சம் இருக்கும். அவள் கறி தின்பதை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

அந்தக் கோடையில் வந்த சரக்கு பெரும்பாலும் நீலமாகத்தான் போயிற்று. கான்டிராக்டர் மாவை வாரிக் கொட்டியிருந்தான். கெட்டதல்ல, ஏமாற்று, அவ்வளவுதான். தலைமைப் பரிசோதகர் ஜெயபாலிடம் போய்ச் சொன்னாள்.

"கிடங்குக் கூலி ஆளுங்களுக்காவது குடுத்துடலாமே சார். மாவுதான் ஜாஸ்தி. சாப்பிடலாம்."

ஜெயபால் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தள்ளுபடின்னா குழிதான் மிஸ். ரூல் அப்படி. என்கிட்ட கேக்காதீங்க."

டப்பாக்களை லாரியில் ஏற்றி, வெள்ளானூர்ப் பக்கம் தோண்டியிருந்த குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினார்கள். அரிசிக்கு ஊர் அலைந்த காலம் அது. லாரி திரும்பின கையோடு ஜனங்கள் மண்ணைக் கிளறி எடுத்துப்போய்ச் சாப்பிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சௌந்தரிக்கு இது தெரியாது.

பிறகு ஒரு சரக்கு வந்தது. டப்பாவை ஈயத்தால் பற்றவைத்த இடத்தில் ஊசிமுனை ஓட்டைகள். உள்ளே கறி அழுகி உண்டான காற்று அவற்றின் வழியே வெளியேறிவிட்டதால் டப்பா உப்பவில்லை. பார்க்க நல்லதாகவே இருந்தது. சௌந்தரி பிடித்த காகிதம் உடனே கறுத்தது. தள்ளுபடி எழுதினாள். அதுவும் அதே குழிக்குப் போயிற்று.

சில நாள் கழித்து, கண்ணாடிச் சாமான் கழுவும் கன்னியப்பன் வேலைக்கு வரவில்லை. மறுநாள் வந்தவன் வாசற்படியிலேயே நின்றான்.

"என்னப்பா, உடம்பு சரியில்லையா?"

"எனுக்கு இல்ல மிஸ்ஸம்மா. ஊட்ல பொண்டாட்டி வரலட்சுமிக்குத்தான். வாந்தி பேதி, கண்ணு சொருகிகினு கெடந்துச்சு. ஆஸ்பத்திரில போட்டுகீறேன். பொயச்சிக்கும்னாங்க."

"என்ன சாப்பிட்டா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "வெள்ளானூர் குயிக்குள்ள கெடந்த டப்பாதான். மின்னாடியும் துன்னுகினுதான் இருந்தோம். ஒண்ணும் ஆவல. இது மட்டும் இன்னான்னு தெரில. நம்ம தெருவுல ஒரு கெயவன் பூட்டான்."

சௌந்தரி தள்ளுபடிப் பதிவேட்டைப் புரட்டினாள். நல்லதையும் கெட்டதையும் ஒரே சொல்லால் ஒரே குழிக்கு அனுப்பியது அவள் கைதான். முன்னே போனதைத் தின்று பிழைத்தவர்கள் பின்னே போனதை எப்படிச் சந்தேகிப்பார்கள்?

மிச்சமிருப்பதை அழிக்கத் தானே போவதாக ஜெயபாலிடம் சொன்னாள். அவர் மறுக்கவில்லை. மண்ணெண்ணெய் டின்னோடும் கடப்பாரையோடும் கன்னியப்பனை அழைத்துக்கொண்டு வெயிலில் குழிக்குப் போனாள். ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே கிளறிக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி நிமிர்ந்தாள்.

"இன்னாம்மா, கொளுத்தப் போறீங்களா? சோத்தையா?"

"இதைத் தின்னு ஒருத்தர் செத்துப் போயிருக்கார்."

"அது தெரியும். பசிக்கி இன்னா பண்றது, நீயே சொல்லு."

சௌந்தரி டப்பாக்களின் மேல் எந்தச் சரக்கு என்று காட்டும் முத்திரை எண்ணைப் பார்த்துப் பார்த்து இரண்டு குவியலாகப் பிரிக்கச் சொன்னாள். ஓட்டைச் சரக்கை ஒன்றுவிடாமல் கடப்பாரையால் குத்தி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். மாவு கலந்த குவியலில் உப்பியதையும் நசுங்கியதையும் பொறுக்கி அதே நெருப்பில் போட்டாள். மற்றதன்மேல் மண்ணெண்ணெய் படவில்லை.

"இதை நல்லாக் கொதிக்கவெச்சுத் துன்னுங்க," என்றாள், அவர்கள் பேச்சிலேயே. "இனிமே இந்தக் குழியில வர்றது எதையும் தொடாதீங்க. நான் வந்து சொன்னா ஒழிய."

"நீ வருவியா?"

"வரேன்."

அவள் புகையைப் பார்த்தபடி நின்றிருக்க, அவர்கள் முந்தானையில் டப்பாக்களைக் கட்டிக்கொண்டு போனார்கள்.

திரும்பியதும் 'அனைத்தும் அழிக்கப்பட்டன' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். ஜெயபால் படித்தார். அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

"லாரி வந்து நிக்குது மிஸ்," என்றார். "புதுச் சரக்கு."

கன்னியப்பன் குடுவைகளைக் கழுவத் தொடங்கியிருந்தான். சௌந்தரி கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு முதல் டப்பாவை எடுத்தாள்.