நெஞ்சில் சுளுக்கு

அறுபத்திரண்டாம் வருஷம் சுருளிவேலுக்கு நாற்பத்திரண்டு வயது. பெரியாஸ்பத்திரி டாக்டர் அவன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "இருதயம் கெட்டுக் கெடக்குப்பா. பீடியை விடு, கருவாட்டை விடு. இனிமே பளு தூக்கினா செத்துப்போவே" என்று நேராகவே சொல்லிவிட்டார். பளு தூக்காமல் திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் வேறென்ன வேலை இருக்கிறது? சுண்ணாம்புக் குழியில் ஊறிக் கனத்த தோலைத் தூக்கித்தான் வீட்டில் ஐந்து வயிறு நிறைகிறது. போன மாதம் கூட வேலை பார்த்த பொம்மையன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மறுநாளே அவன் குழியில் வேறு ஆள் நின்றான். அதனால் இவன் பெண்டாட்டி ஒச்சம்மாளிடம்கூட மூச்சு விடவில்லை. வலி வரும்போதெல்லாம் முதுகில் கையை வைத்து, "சுளுக்கு" என்றான். பெரிய புத்திசாலி!

புதன்கிழமை காலையில் ஒரு தோலை இழுத்த இழுப்பில் வலி தாடை வரைக்கும் ஏறியது. வேர்த்துக் கொட்ட, குழி ஓரத்திலேயே குப்புற விழுந்தான். மேஸ்திரி கஸ்பார் வந்து நின்றார்.

"ஏலே, என்ன, நெஞ்சு வலியா?"

"இல்லண்ணே... சுளுக்கு. முதுகுப் பக்கம்."

"அட, இதுக்கா இம்புட்டு? ஒன் வீட்டுக்காரி கால் முன்னால பொறந்தவதானே! ஊருக்கே மிதிச்சு விடுறா, ஒனக்கு மாட்டாளா? கூப்பிடுங்கப்பா அவள."

கால் முன்னே பிறந்தவர்கள் மூன்று தரம் மிதித்தால் எந்தச் சுளுக்கும் ஓடிப்போகும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. கொட்டகையில் தோலுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்த ஒச்சம்மாள் கையைத் துடைத்தபடி ஓடிவந்தாள்.

"புருசன மிதிக்கிற பாவம் எனக்கெதுக்கு?" என்று தயங்கினாள். எல்லோரும் சிரித்தார்கள். அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகினாள்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பாவி மனுஷன். சொன்னால் மேஸ்திரி ஏன் என்று கேட்பார். காரணம் தெரிந்தால் வேலை போச்சு.

"மிதி" என்றான்.

முதல் மிதிக்கு "அம்மா" என்றான். இரண்டாவதற்கு வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. மூன்றாவதில் உடம்பு தளர்ந்து, மூச்சும் நின்றுபோனது.

"விட்டுருச்சு, பாத்தீகளா!" ஒச்சம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "எம்புட்டு நாள் வலியோ, அசந்து தூங்கிட்டாரு."

"தூங்கவா கூலி குடுக்குறோம்? எழுப்பு" என்றார் கஸ்பார்.

"கொஞ்சம் படுத்துக்கிடட்டும்ணே, பாவம். அவரு வேலைய நான் பாக்குறேன்" என்று கெஞ்சிவிட்டு, அவன் குழியில் இறங்கி, கனத்த தோல் ஒன்றை அவளே இழுக்க ஆரம்பித்தாள்.