தூங்கவில்லை, இருந்தாள்

2024, ஜூன் 19, புதன்கிழமை, காலை பத்தரை மணி. ஆனிக் காற்று கரிசல் புழுதியை வாரிக்கொண்டு வந்து தீப்பெட்டி ஆலையின் சன்னல்களில் அடித்தது. வானத்தில் மேகம் இருந்தது. பெய்யும் எண்ணம் அதற்கு இல்லை. தேநீர் மணி அடித்ததும், பெட்டியில் குச்சி அடைக்கும் வள்ளிமயில் எழுந்தாள். வழக்கமாகத் தண்ணீர்த் தொட்டியோரம் அமர்பவள், இன்று அலுவலக வாசலிலேயே சம்மணமிட்டாள்.

மடியில் ஒரு தாள். ‘வேலை நேரத்தில் தூங்கினேன், இனித் தூங்க மாட்டேன்’ என்று சூப்பர்வைசர் செல்வகணேஷ் அச்சடித்துக் கொடுத்தது. பதினோரு மணிக்குள் கையெழுத்திட வேண்டும். இல்லையேல் வேலை இல்லை.

எழுபத்தொரு நாளாக, தேநீர் இடைவேளையில் பத்து நிமிடம் கண்ணை மூடித் தன் மூச்சைக் கவனித்து வருகிறாள். வீட்டில் முயன்றது மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. குழாயில் தண்ணீர் வரும், அல்லது யாராவது வருவார்கள். ஒருவரும் உரிமை கொண்டாடாத பத்து நிமிடம் இங்கேதான் கிடைத்தது. இப்போது அதற்கும் ஆள் வந்துவிட்டது.

“யக்கா, போட்டுட்டுப் போங்க. ஒரு வார்த்தைதான?” என்றான் செல்வகணேஷ்.

“அந்த ஒரு வார்த்தைதான் பொய்யி.”

முதலாளி பூவனலிங்கம் வெளியே வந்தார். “கண்ண மூடுனா தூக்கந்தான வள்ளிமயிலு?”

“வெள்ளிக்கெழம பூசையில சூடம் காட்டையில நீங்களுந்தான் மூடுதீங்க. தூங்குதீங்களா அண்ணாச்சி?”

தேநீர் வரிசையிலிருந்த பெண்கள் தம்ளருக்குள் சிரித்தார்கள். “நல்லாக் கேளுட்டி!” என்றாள் சீனித்தாய்.

“அது சாமி. நீ சும்மால்லா இருக்க,” என்றார் முதலாளி.

“ஆமா, சும்மாத்தான் இருக்கேன். சும்மா இருக்கதும் தூங்குததும் ஒண்ணா?” கண்ணை மூடிக்கொண்டாள்.

செல்வகணேஷ் விடவில்லை. தான் சரிபார்த்து அனுப்பிய அடுக்கிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து அவள் காதருகே குலுக்கினான். இமை அசையவில்லை.

“பாத்தீங்களா அண்ணாச்சி? அசல் தூக்கம்.”

முதலாளி தலையசைத்தார்.

பத்து நிமிடம் கழிந்து அவள் கண் திறந்தாள். “நீ ஆட்டுன பெட்டியில குச்சி கொறச்சல், தம்பி. நெறஞ்ச பெட்டி இப்படி லொடலொடங்காது.”

முதலாளி பெட்டியை வாங்கி எண்ணினார். நம்பாமல் மறுபடியும் எண்ணினார். நாற்பதுக்கு முப்பத்திரண்டு. செல்வகணேஷுக்குத் திடீரென்று கூடத்தில் வேலை வந்தது.

“கேட்டுட்டா இருந்த?”

“கேட்டுச்சு. அதுக்காவ எந்திரிக்கணுமா?”

முதலாளி பெட்டியை மூடினார். “சரி, தொட்டிப் பக்கமே இருந்துக்கோ. போ.”

“எழுதிக் குடுங்க அண்ணாச்சி. வாய்ச்சொல்லு இவியளுக்கு நாளைக்கே மறந்துபோவும்.”

அவள் மடியிலிருந்த தாளை வாங்கி, அவர் பின்பக்கம் திருப்பினார். ‘தேநீர் இடைவேளையில் வள்ளிமயில் தூங்குவதற்குத் தடையில்லை’ என்று எழுதி நீட்டினார். அவள் வாசித்தாள். வாங்கவில்லை.

“இதுக்கு அந்தப் பக்கமே தேவல.”

முதலாளி பெருமூச்சு விட்டார். ‘தூங்குவதற்கு’ என்பதை அடித்தார். மேலே ‘சும்மா இருப்பதற்கு’ என்று எழுதினார். கையெழுத்திட்டு, தேதியிட்டு, அவளிடம் கொடுத்தார்.