ஓர் ஊக்கும் ஒரு வெந்நீர் ஊற்றும்

1

இந்தக் கதை என்னுடையதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்காவிடமிருந்து சுட்டது. அவள் கடல் நீரில் கரைந்திருக்கும் தனிமங்களை அளப்பவள். நான் கதை எழுதுகிறவன். எங்கள் வீட்டில் உருப்படியான வேலை பார்ப்பது யார் என்ற கேள்விக்கு எப்போதோ விடை கிடைத்துவிட்டது.

ஒருநாள் சமைத்துக்கொண்டிருந்தபோது போன் செய்தாள். ஹலோகூட இல்லை.

"டேய், போட்டி நடத்துற சைஸ்ல நாலு நீச்சல் குளம். அதுல ஒரே ஒரு ஊக்கை முழுசா கரைச்சா தண்ணில எவ்ளோ இரும்பு இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது."

"அதான் கடல்! கடல்ல அவ்ளோதான்டா இரும்பு!"

வைத்துவிட்டாள். அடுப்பில் வெங்காயம் கருகிப்போனது. வியப்பில் கேட்கிறாள் என்று நினைத்தேன். பயத்தில் கேட்டிருக்கிறாள். அவளுக்கு இரண்டும் ஒரே குரலில்தான் வரும்.

இதை அவளுடைய ஆய்வகத்துக்கு வெளியே, நடைவழியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே இயந்திரம் உறுமிக்கொண்டிருக்கிறது. அது நிற்பதற்குள் கதையை முடித்துவிட வேண்டும். ஏன் என்று ஐந்தாம் பகுதியில் தெரியும். அங்கே நேராகத் தாவாதீர்கள், பாதி புரியாது.

2

முதல் தொடக்கம்: "நான் ஓர் இரும்பணு. என் சோகக் கதையைக் கேளுங்கள்."

அக்கா படித்தாள். "அணுவுக்கு எதுக்குடா சோகம்? அது பாட்டுக்குப் போகுது வருது. சோகமெல்லாம் அளக்கறவங்களுக்குத்தான்."

அந்த வரியை அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "கடல் அன்று அற்புதமான நீலத்தில்"

இந்த வாக்கியத்தை முடிக்கவே விடவில்லை. "அங்க எதுவும் வளரலைடா. அதான் அவ்ளோ நீலம். பட்டினி கிடக்குற கடலைப் பாத்து அழகு அழகுன்னு எழுதறீங்க எல்லாரும்!"

நீலத்தை வர்ணித்து நான் எழுதிய பழைய கதைகள் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. எதையும் இனித் திருத்த முடியாது.

மூன்றாவது தொடக்கம்தான் நீங்கள் மேலே படித்தது. இதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே வேலையாக இருக்கிறாள்.

3

கொஞ்சம் பாடம் எடுக்கப் போகிறேன்.* பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கே குஷியாக இருக்கிறது.

கடலுக்குள் வந்த எதுவும் சும்மா கிடப்பதில்லை. உப்பிலிருக்கும் சோடியம் பழைய குடித்தனக்காரர் மாதிரி, உள்ளே வந்தால் கோடிக்கணக்கான வருடம் காலி செய்யாது. இரும்பு அப்படியில்லை. பாலைவனத்துப் புழுதியில் ஏறிக் காற்றோடு வரும், ஆற்றோடு வரும். மேல்மட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் அதை அள்ளிக்கொள்ளும். பாசியைத் தின்ன ஒன்று, அதைத் தின்ன இன்னொன்று. எல்லாம் செத்துக் கீழே உதிரும். உதிரும் வழியில் கொஞ்சம் கரைந்து மறுபடி மேலே வரும், மிச்சம் அடிச்சேற்றில் அடங்கிவிடும். சில நூறு வருடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். "வந்தேன், கிளம்பறேன்னு சொல்ற விருந்தாளி" என்பாள் அக்கா. ஆனால் அந்த விருந்தாளி வராத கடலில் பாசி இல்லை, பாசி இல்லாவிட்டால் மீனும் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பட்டினிக் கடலின் நடுவே ஓரிடம் மட்டும் பச்சையாக இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் நானே பார்த்தேன், நீலத் துணியில் சிந்திய கறை மாதிரி. பக்கத்தில் ஆறு கிடையாது, புழுதியும் அந்தப் பக்கம் போவதில்லை. அப்படியானால் அந்தப் பச்சைக்குச் சோறு போடுவது யார்?

அக்கா கப்பலில் போய் ஆழம் ஆழமாகத் தண்ணீர் எடுத்து வந்தாள். ஓர் ஆழத்தில் இரும்பு எகிறியிருந்தது. கடல் தரையில் எங்கோ ஒரு வெந்நீர் ஊற்று, இதுவரை யாரும் பார்த்திராதது, பீறிட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் பச்சைக்குத் தாய். அக்கா கட்டுரை எழுதி அனுப்பினாள். அந்த வாரம் முழுக்க அவள் நடக்கவில்லை, குதித்துக்கொண்டிருந்தாள்.

* எனக்கு இதெல்லாம் அத்துப்படி என்று நினைக்க வேண்டாம். பென்சில், சாவிக்கொத்து, ஒரு வாழைப்பழம் ஆகியவற்றை மேசைமேல் நகர்த்திக் காட்டி எனக்குப் புரியவைத்தாள் அக்கா. வாழைப்பழம் பாசியாக நடித்தது.

4

இங்கே ஒரு வில்லன் தேவை. எனக்குக் கிடைத்தவர் துரு.

ஆய்வகத்தில் அக்காவோடு வேலை பார்ப்பவர். எந்த எண் கொஞ்சம் ஏறினாலும் "துருவா இருக்கும்" என்பார், அதனால் அந்தப் பெயர். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. கப்பலே இரும்பு, கயிற்றை இறக்கும் எந்திரம் இரும்பு. இரும்பால் ஆன ஒன்றின்மேல் நின்றுகொண்டு, ஊக்களவு இரும்பைத் தேட வேண்டும். அதனால் இவர்கள் கம்பிக்குப் பதில் பிளாஸ்டிக் கயிறு கட்டுவார்கள், பாட்டிலை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுவார்கள், தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்புக்குள் புகுந்துகொள்வார்கள். மோதிரம், கடிகாரம் எதற்கும் அனுமதி இல்லை. புதிதாக வருகிறவர்களை வாசலில் நிறுத்திச் சோதனை போடுவது அக்காதான். ஒரு பையனின் ஜீன்ஸ் பட்டனைக்கூட விடவில்லையாம்.

ஆய்வகச் சுவரில் கப்பலில் எடுத்த படம் ஒன்று மாட்டியிருந்தது. வெள்ளை உடுப்பில் அக்கா, கையில் பாட்டில், கண்ணில் சிரிப்பு. ஒரு மத்தியானம் துரு அதன்முன் நின்றுகொண்டே இருந்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு, விரலால் ஓரிடத்தைக் காட்டினார்.

உடுப்பின் ஜிப் அறுந்திருந்தது. கழுத்தருகே ஓர் ஊக்கு குத்தியிருந்தது. பாட்டிலின் வாய்க்கு நேர் மேலே.

உலகத்தில் வேறு எவருக்கும் அது ஒரு தப்பே அல்ல. உடுப்பு கிழிந்தால் ஊக்கு குத்துவோம், அவ்வளவுதான். அக்காவுக்கு அது தலையில் இடி. எப்போது குத்தினாள் என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. அன்றுதான் எனக்கு நீச்சல் குளக் கேள்வி வந்தது.

துருவை வில்லனாக்கலாம் என்று முதலில் அவருக்கு வழுக்கையும் வெற்றிலைக்காவிச் சிரிப்பும்

"தம்பி, என்னை ஏன் வழுக்கையாக்கினீங்க?"

பின்னாலிருந்து படித்திருக்கிறார்.

"கதைக்காக சார்."

"எனக்குத்தான் தலை நிறைய முடி இருக்கே. வெத்தலையும் போடறதில்ல. அப்புறம், அன்னைக்கு சொன்னதுக்கப்புறம் எனக்கு ஒரு வாய் சாப்பாடு எறங்கலைன்னு எழுதுங்க. அதான் உண்மை."

எழுதிவிட்டேன். வில்லன் பதவி காலி.

5

அந்த ஆழத்துத் தண்ணீரில் இன்னும் ஒரு பாட்டில் மிச்சம் இருந்தது. முதல் பாட்டிலை இரும்புக்கே செலவழித்தாயிற்று. இது அதே நாளில், அதே ஊக்குக்குக் கீழே நிரப்பியது. ஒருமுறை அளக்கத்தான் போதும்.

அளக்க வேண்டியது இரும்பை மட்டுமல்ல, மாங்கனீசையும். வெந்நீர் ஊற்றிலிருந்து வந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே எகிறும். ஊக்கிலிருந்து உதிர்ந்த துருவென்றால் இரும்பு மட்டும் எகிறும், மாங்கனீசு பேருக்குத்தான் இருக்கும். இரண்டும் எகிறினால் ஊற்று, ஒன்று மட்டும் எகிறினால் ஊக்கு. ஊக்கென்றால் அன்று அவள் கைபட்ட பாட்டில் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், கப்பலில் வந்த அத்தனை பேருக்கும் காரணம் எழுத வேண்டும்.

"நீ வா, எனக்கு ஒரு உதவி" என்றாள் அக்கா.

"எனக்கு ஒண்ணும் தெரியாதே."

"அதான் உன் தகுதி."

ஏற்பாடு இதுதான். துரு வேறு சுத்தமான ஆழ்கடல் நீரில் இரண்டு போலி பாட்டில்கள் செய்தார். ஒன்றில் ஊக்கை ஊறவைத்தார். மற்றதில் இரும்பும் மாங்கனீசும் சேர்த்து ஊற்றுத் தண்ணீர் மாதிரி ஆக்கினார். இந்த இரண்டில் ஒன்றை நான் தேர்ந்தெடுக்க வேண்டும். எதை என்று யாருக்கும் சொல்லக் கூடாது. அதையும் அக்காவின் பாட்டிலையும் நிறையச் சாதாரண பாட்டில்களோடு கலந்து, எல்லாவற்றின்மீதும் காகிதம் ஒட்டி, எண் போட்டுக் கொடுக்க வேண்டும். எது எகிறினாலும் அது தன்னுடையதா போலியா என்று அவளுக்குத் தெரியாது.

"எதுக்கு இவ்ளோ சுத்தி வளைச்சு? நேரா அளந்துடலாமே."

"எந்த பாட்டில்னு தெரிஞ்சா நான் ஆசைப்படறதைத்தான் பாப்பேன்டா. மெஷின் வரையற ஒவ்வொரு கோடும் எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு நான்தான் முடிவு பண்ணணும். என் கை தானா ஏத்தி வைக்கும். எனக்கு என்னைத் தெரியும்."

"துரு சார் பண்ணட்டுமே?"

"அவரோட கை எறக்கி வைக்கும்."

தனியறையில் விட்டார்கள். கையுறை போட்டுக்கொண்டேன். இரண்டு போலிகளும் எது எது என்று எழுதி ஒட்டி மேசைமேல் இருந்தன, பார்க்க வெறும் தண்ணீர்தான். இத்தனை வருடம் கதை எழுதி எந்தக் கதாபாத்திரத்தின் தலையெழுத்தும் இப்படிக் கனத்ததில்லை. உண்மையைச் சொன்னால் ஆனந்தமாக இருந்தது.

[நான் எடுத்தது ஊ— வேண்டாம், வாக்கியத்தை இங்கேயே நிறுத்துகிறேன். இரண்டுமே ஒரே எழுத்தில்தான் தொடங்குகின்றன. ஊகித்துப் பயனில்லை.]

எண்களைப் போட்டுக் கொடுத்ததும் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். "உன் மூஞ்சில எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும். உள்ள வராத."

6

நேரம் இருந்ததால் முடிவுகளை எழுதி வைத்தேன்.

முதல் முடிவு. ஊற்று. அக்கா கட்டுரையோடு கப்பலேறுகிறாள். தரையிலிருந்து கறுப்பாகப் பீறிடும் வெந்நீரைக் கேமராவில் பார்க்கிறாள். அழுகிறாள்.

இரண்டாம் முடிவு. ஊக்கு. அக்கா கட்டுரையைத் திரும்பப் பெறுகிறாள். சுவரிலிருந்த படத்தைக் கழற்றுகிறாள். அழுகிறாள்.

இயந்திரம் தானாக ஓடிக்கொண்டிருந்ததால் தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள். தாளைப் பிடுங்கிப் படித்தாள். நான் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"ரெண்டுலயும் எதுக்குடா என்னை அழ வைக்கற?"

"வேற என்ன பண்ணுவ?"

"ஊக்குன்னா வலிக்கும். ரொம்ப வலிக்கும். ஆனா அந்தப் பச்சை அங்கயேதானே இருக்கு? அதுக்கு யாரோ சோறு போட்டுட்டுத்தானே இருக்காங்க? மறுபடி போய்த் தேடணும், வேற எடத்துல. கட்டுரைதான்டா போகும், கேள்வி போகாது." மூச்சுவிட்டாள். "ஆனா ஊற்றா இருந்தா... ஐயோ, ஊற்றா இருந்தா!"

மிச்சத் தண்ணீரை என் தலையில் ஊற்றிவிட்டு உள்ளே ஓடினாள். அவளுக்குப் பள்ளிக்கூட வயதில் மகன் இருக்கிறான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இரண்டு முடிவுகளிலிருந்தும் 'அழுகிறாள்' என்ற சொல்லை அடித்துவிட்டேன். பதிலுக்கு என்ன போடுவதென்று தெரியவில்லை, இடம் காலியாகவே இருக்கிறது.

7

உறுமல் நின்றது.

கதவு திறந்தது. அக்கா தொப்பியைக்கூடக் கழற்றவில்லை, பின்னால் துரு. அவள் கையில் ஒரு தாள் படபடத்தது.

"பதினாலாம் நம்பர்ல இரும்பு மட்டும் எகிறியிருக்கு. இருபத்திரெண்டுல ரெண்டும் எகிறியிருக்கு. மத்தது எல்லாம் சாதாரணம். கோடெல்லாம் பளிச்சுனு இருக்கு, இனி எதையும் நான் தொட மாட்டேன். கையெழுத்து போட்டாச்சு, அவரும் போட்டுட்டாரு."

புரிகிறதா வாசகரே? ஒன்று அவளுடைய பாட்டில், மற்றது துரு செய்த போலி. எந்த எண் எது என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் எண்களைச் சொல்லி முடித்த அந்த நொடியில் கடல் தரையில் என்ன இருக்கிறது என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது! வாழைப்பழத்தை வைத்துப் பாடம் கற்ற எனக்கு! அவளுக்கு முன்னால்!

"தம்பி, ஊற்றுன்னு சொல்லிடுங்க" என்றார் துரு. குரல் கெஞ்சியது. "ஒரே ஒரு தடவை நான் சொன்னது தப்பாப் போகட்டும்."

"அவனைத் தூண்டாதீங்க. இருக்கறதைச் சொல்லட்டும்."

என் தொழில் பொய் சொல்வது. வாசகர் முகம் மலர ஒரு சொல்லை மாற்றி வைப்பது எனக்குக் கைவந்த கலை. இப்போது வைத்திருப்பதோ மாற்ற முடியாத ஒரே ஒரு சொல். அதைச் சொல்லப்போவது என் அக்காவிடம்.

"என்னடா, இன்னுமா எழுதற?"

"ம்."

"கதைல எங்க வந்திருக்க?"

"இங்கதான்."

"இப்ப நான் பேசறதையுமா?"

"ம்."

"அடேய், பேனாவைக் கீழ வை. என்னைப் பாத்துச் சொல்லு."

வாசகரே, இவ்வளவு தூரம் கூடவே வந்தீர்கள், நியாயப்படி உங்களுக்கும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இந்தச் சொல் முதலில் அவளுக்குச் சேர வேண்டியது. ஆறாம் பகுதியில் இரண்டு முடிவுகளும் இருக்கின்றன, இரண்டிலும் ஒரு சொல்லுக்கான இடம் காலியாக இருக்கிறது, நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். நான் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அதை எழுதிக்கொண்டே செய்ய முடியாது.

வைக்கிறேன்.