டப்பாவில் யாருடைய சுண்டல்?

“உங்க ஷாரோன் டப்பாவுக்குத்தான் இன்னைக்கு கிளாஸே கைதட்டுச்சு!” பள்ளி வாசலிலேயே லீலாவை மடக்கினாள் ஜாஸ்மின் டீச்சர். “இன்டர்வெல்லுக்கு பாக்கெட் தீனி கூடாதுன்னு சொன்னதுலேர்ந்து பாதிப்பேர் முழிக்கிறாங்க. நீங்க நைட் ஷிப்ட் முடிச்சு வந்தும் தினம் ஒரு சுண்டல் செஞ்சு அனுப்புறீங்களே, எப்படிங்க?”

லீலா சிரித்து வைத்தாள்.

அவள் சுண்டல் செய்து மாதக்கணக்காகிறது. ராத்திரி கம்பெனியில் தரும் பன், கிரீம் பிஸ்கட் பாக்கெட்டைத் தான் தின்னாமல், வெறும் டீயோடு பசியை அடக்கிக்கொண்டு, காலையில் மகள் பையில் திணிப்பதோடு சரி. பாக்கெட் கூடாது என்பதே இப்போதுதான் காதில் விழுகிறது. புருஷன் யாக்கோபுவா? விடியுமுன்னே வேலைக்கு ஓடுகிறவன், வெந்நீர்கூட வைக்கத் தெரியாது.

அப்படியானால் மூன்றாவது படிக்கும் பெண்ணுக்குத் தீனி தருவது யார்? எதற்காக?

சுங்குவார்சத்திரத்தில் அவர்கள் வீட்டைச் சுற்றி எல்லாம் லாட்ஜ். இன்றைக்கு இருக்கும் முகம் நாளைக்கு இருக்காது. மகளைக் கேட்டால் பயந்து மறைத்துவிடுவாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அன்று ராத்திரி கம்பெனி அசெம்பிளி லைனில் செல்போன் போர்டைத் தலைகீழாக மாட்டினாள்.

“இன்னாமா லீலா, கனவா?” என்றார் சூப்பர்வைசர்.

காலையில் வழக்கம்போல் பாக்கெட்டைப் பையில் வைத்து அனுப்பிவிட்டு, பின்னாலேயே நழுவினாள்.

பள்ளிக்குத் திரும்பும் முனையில் ஷாரோன் திரும்பவில்லை. நேரே பஸ் ஸ்டாப். டீக்கடை ஓரம் ஹெல்மெட்டோடு நின்றவன் அவளைப் பார்த்துக் கையசைத்தான். பெண் விறுவிறுவென்று கடைக்குப் பின்னால் நுழைந்தாள். அவனும் பின்னாலேயே!

லீலா ஓடினாள். ஒரு செருப்பு வழியிலேயே நின்றுவிட்டது.

கடைக்குப் பின்னால் ஒரு குண்டான். அதன் முன்னே, பஸ் ஸ்டாப்பில் சுண்டல் விற்கும் கிளியம்மாள். ஷாரோன் ஒரு கையால் பாக்கெட்டை நீட்ட, மறு கையிலிருந்த டப்பாவில் கொண்டைக்கடலை விழுந்துகொண்டிருந்தது.

“ஏய்!”

கிளியம்மாளின் கரண்டி நழுவியது. “இன்னாத்துக்கு இப்டி கத்தற? புள்ள நடுங்கிக்கினு கீது பாரு. திருடலம்மா, மாத்திக்கினு போவுது. உங்க கம்பெனி பன்னுக்கு இங்க அடிதடி.”

“அக்கா, இன்னைக்கு பன்னு எனக்குத்தான்!” என்றான் ஹெல்மெட்காரன்.

லீலா மகளின் தோளை உலுக்கினாள். “எங்கிட்ட ஏன்டி சொல்லல?”

“சொன்னா நீ தூங்காம ஆக்குவ. அப்புறம் லைன்ல தூங்கி வழிஞ்சா சூப்பர்வைசர் திட்டுவாரு.” ஷாரோன் டப்பாவை மூடினாள். “பெல் அடிச்சிடும், விடும்மா.”

ஓடிவிட்டாள். லீலா அங்கே கிடந்த செங்கல்மேல் அப்படியே உட்கார்ந்தாள். கிளியம்மாள் ஒரு கிண்ணத்தை நீட்டினாள்.

“மூஞ்சியப் பாரு, பேயறைஞ்சாப்ல. ராத்திரி இன்னா துன்ன?”

“டீ.”

“நல்லா கீது கூத்து. துன்னு மொதல்ல.”

ஆவி பறந்த கடலையை அள்ளி அள்ளித் தின்றாள் லீலா. வாய் நிறைய வைத்துக்கொண்டே, “நாளையிலேர்ந்து எனக்கும் ஒரு கிண்ணம் வையக்கா” என்றாள்.

“ஒரு பாக்கெட்டுக்கு ரெண்டு கிண்ணமா? கட்டாது.”

“எங்க லைன்ல செல்வலட்சுமியும் பாக்கெட்ட வூட்டுக்குத்தான் தூக்கினு போறா. அவ புள்ளயும் இதே ஸ்கூலுதான். அவளையும் கூட்டினு வரேன்.”

கிளியம்மாள் குண்டானை எட்டிப் பார்த்தாள். “அப்ப பெரிய குண்டான்தான் போடணும்” என்று முணுமுணுத்தாள்.