கூரை மேல் லான்னி

எதிரணி முதலாளி கெஸ்லரின் லாரியிலிருந்து லான்னி வாயைத் துடைத்துக்கொண்டு இறங்குவதை ராய்ஸ் பார்த்துவிட்டான்.

லான்னி அவனைப் பார்க்கவில்லை. கையிலிருந்த காகிதத்தைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டான். பின்னாலேயே வந்த கெஸ்லர் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். இருவரும் சிரித்தார்கள்.

வேறு நாளாக இருந்தால் பரவாயில்லை. இன்று சீசனின் கடைசிக் கார்ப் பந்தயம். ராய்ஸ், கெஸ்லரின் ஓட்டுநர் ஆல்டஸ், இருவரில் யார் முன்னால் முடிக்கிறானோ அவனுக்குத்தான் பட்டம். லான்னி ராய்ஸின் கண்.

ஓவல் என்கிற முட்டை வடிவப் பாதையில் ஓட்டுகிறவனுக்குத் தலை திரும்பாது. கழுத்தை வார் போட்டு இறுக்கிவிடுவார்கள். கண்ணாடி நடுங்கும். பக்கத்தில் யார் வருகிறார்கள் என்பதைப் பார்வையாளர் மாடத்தின் கூரையில் நிற்பவன்தான் ரேடியோவில் சொல்ல வேண்டும். 'உள்ள' என்றால் இடப்பக்கம் ஒரு கார். 'காலி' என்றால் பாதையின் உள்ளோரமாகக் கீழே இறங்கலாம். சக்கரம் மூடாத கார்கள். சக்கரத்தில் சக்கரம் ஏறினால் பறக்கும். நான்கு வருடமாக ராய்ஸ் லான்னியின் 'காலி'யை நம்பித்தான் இறங்கி வருகிறான்.

காரில் ஏறும் முன் லான்னி வந்தான்.

"என்ன தம்பி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"வெயில். சாப்ட்டியா?"

"ஆச்சு" என்றான் லான்னி. எங்கே என்று சொல்லவில்லை. கூரைக்குப் போகும் லிஃப்ட்டைப் பார்த்து நடந்தான்.

முதல் சுற்றிலேயே இரண்டு கார்கள் சுவரில் போய் முடிந்தன. மலைப்பக்கமிருந்து காற்று மணலை அள்ளி வந்து பாதையில் போட்டது. ராய்ஸ் ஆல்டஸுக்கு முன்னால் இருந்தான். பாதிப் பந்தயத்தில் மெதுவான கார் ஒன்று குறுக்கே வந்தது.

"உள்ள" என்றான் லான்னி. "இன்னும் இருக்கான். இன்னும் இருக்கான்."

ராய்ஸ் சுவரோரமாகவே போனான். ஆல்டஸ் கீழே புகுந்து முந்திவிட்டான். அடுத்த சுற்றில் அந்த மெதுவான கார் டயர் மாற்றும் பிட்டில் நிற்பது தெரிந்தது. அப்படியானால் அது வளைவிலேயே கீழே விலகிப் போயிருக்கிறது. லான்னி 'இன்னும் இருக்கான்' என்றபோது உள்ளே யாரும் இருந்திருக்கவில்லை.

யாரோ முட்டிக்கொண்டார்கள். மஞ்சள் கொடி. எல்லாரும் பாதுகாப்புக் காரின் பின்னால் ஊர்ந்தார்கள். கேட்க வேண்டியதை ரேடியோவில் கேட்க முடியாது. கெஸ்லரின் ஆட்கள் ஒட்டுக்கேட்பார்கள். மாடத்தில் ஹெட்போன் மாட்டிய ரசிகர்களும் கேட்பார்கள்.

"க்வென்" என்று அணித் தலைவியைக் கூப்பிட்டான். "லான்னி மத்தியானம் என்ன சாப்ட்டான்?"

"என்னது?"

"சும்மாதான் கேக்கறேன்."

"உனக்குப் பசிக்குதா? ஜெயிச்சுட்டு வா, முழு மாடே வாங்கித் தரேன்."

ரேடியோவில் லான்னியின் குரல் குறுக்கிட்டது.

"சுட்ட மாட்டுக்கறி. ஏன்?"

"யாரு வாங்கிக் குடுத்தா?"



"பச்சைக் கொடி வரப்போவுது. ரோட்டப் பாரு, தம்பி."

மறுபடி ஓட்டம் தொடங்கப் பச்சைக் கொடி விழுந்ததும் ராய்ஸ் ஆல்டஸை வெளிப்பக்கமாக முந்தினான். அதன் பிறகு லான்னியைச் சோதிக்கத் தொடங்கினான். வெயில் சாய்ந்திருந்தது. பின்பக்க நேர்பாதையில் உள்ளே ஒரு கார் வந்தால் அதன் நிழல் ராய்ஸின் காரின் மூக்கில் விழும். லான்னி 'உள்ள' என்று சொன்னபோதெல்லாம் நிழல் விழுந்தது. 'காலி' என்றபோது விலகியது. ஒவ்வொரு முறையும் சரி.

அதனால் ராய்ஸின் சந்தேகம் இன்னும் கூடியது. பொய் சொல்லப்போகிறவன் சின்ன விஷயத்தில் உண்மையைச் சொல்லித்தான் வைப்பான். பொய்யைக் கடைசிக்கு வைத்திருப்பான்.

கடைசிச் சுற்று. பின்பக்க நேர்பாதையில் நிழல் விழவில்லை. லான்னியும் பேசவில்லை. நான்காம் வளைவில், முன்பக்க நேர்பாதைக்குத் திரும்பும்போது குரல் வந்தது.

"உள்ள. உள்ள இருக்கான். எறங்காத."

ராய்ஸ் காரின் மூக்கைப் பார்த்தான். நிழல் இல்லை.

இறங்கினான்.

இடது பின்சக்கரத்தில் ஏதோ ஏறியது. கார் திரும்பியது, வானம் தெரிந்தது, சுவர் தெரிந்தது. அது நின்ற பிறகுதான் கவனித்தான்: அங்கே எதன் நிழலும் விழ வழியில்லை. மாடத்தின் நிழல் முன்பக்க நேர்பாதை முழுவதையும் மூடியிருந்தது. ஆல்டஸ் தன் காரின் உடைந்த முன் இறக்கையை இழுத்துக்கொண்டு முடிவுக் கோட்டைத் தாண்டினான். மாடம் எழுந்து நின்றது.

மருத்துவ அறைக்கு லான்னி மூச்சு வாங்க வந்தான். லிஃப்ட்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கியிருந்தான்.

"கை கால் அசையுதா?"

"அசையுது."

"உள்ள இருக்கான்னு சொன்னேனே. காதுல விழலியா?"

"விழுந்துச்சு."

லான்னி சுவரில் சாய்ந்தான். 

"அந்த மாட்டுக்கறிதானா?" என்றான்.

"கெஸ்லர்கிட்டப் போறியா?"

"போறேன். ஜனவரிலேந்து. இன்னைக்கு முடியட்டும், அப்பறம் சொல்லலாம்னு இருந்தேன். இன்னைக்கு நான் உன் ஆளு."

"அப்ப அந்த மெதுவான வண்டி? இன்னும் இருக்கான், இன்னும் இருக்கான்னியே. அங்க எவனும் இல்ல."

"கூரையில பக்கத்துல நின்னவன் குறுக்க வந்துட்டான். வண்டி மறைஞ்சுபோச்சு. நிச்சயமில்லாம காலின்னு சொல்ல மாட்டேன்."

"பக்கத்துல நின்னது யாரு?"



"ஆல்டஸுக்கு வழி சொல்ற ஆளு. கூரையில நிக்கற வரிசை அப்படி."

செவிலி வந்து ராய்ஸின் கண்ணில் விளக்கு அடித்தாள். விரலைப் பார்க்கச் சொன்னாள். அவன் அதைத் தாண்டி லான்னியைப் பார்த்தான். நான்கு வருடமும் அந்தக் குரலைத்தான் கேட்டிருக்கிறான். அந்தக் குரலில் ஒரு தயக்கம் வந்தால் எத்தனை அடி இடைவெளி என்று சொல்லிவிடுவான். முகத்தைப் பார்த்து அவனுக்கு எதுவும் பிடிபடவில்லை.

"விரலப் பாருங்க" என்றாள் செவிலி.